பேசாத கட்டம்

அத்தியாயம் 11

இந்த வாரம் முழுக்க ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டில் மேகலாவுக்கு ராஜ மரியாதை. அவள் தலை பின்னி முடிப்பதற்குள் டிபன் டப்பா தயாராக இருந்தது. செருப்பைக்கூடச் சென்னம்மா வாசலில் எடுத்து வைத்தாள். பெற்ற தாய் மகளின் செருப்பைத் தொடலாமா என்று மேகலா கோபித்துக்கொண்டதற்கு, எம்மவனுக்கு வேலை வாங்கிக் குடுத்த காலுடி இது என்று ஒரே போடாகப் போட்டாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம்தான் வந்திருந்தது. அதுவும் திங்கட்கிழமைக்கு. சென்னம்மாவிடம் அதை யார் எடுத்துச் சொல்வது? நாட்றாம்பாளையத்தில் ராகிக் காட்டைக் கட்டிக்கொண்டு அழும் புருஷன் திம்மராயனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமையே வந்து சேர வேண்டும் என்று உத்தரவும் போட்டாயிற்று. மகனின் கண்ணைப் பார்க்கத் தாங்காமல் ஊரோடு போய்விட்ட மனிதர் அவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு முலாம் பூசும் பட்டறையில் ரசாயனக் காரத் தண்ணீர் முகத்தில் தெறித்துத் தம்பி முனிவேலுக்கு இரண்டு பார்வையும் போனதையும், கண்ணைக் கழுவ வைத்திருந்த குழாயில் அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வராததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னம்மா இந்த வாரம்தான் மறக்க ஆரம்பித்திருந்தாள்.

மேகலா வேலை பார்ப்பது வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில். அலுவலகப் பிரிவு, இரண்டு வருஷ ஒப்பந்தம். உங்கள் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்த முடிய வேண்டும், அதற்குப் பிறகு புது ஆர்டர் பற்றிப் பேசலாம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் எழுதியதும், மேலாளர் பிரகாஷ் அந்த வேலையை இவள் தலையில் கட்டினார். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு குரல் திரையை வாசித்துக் காட்டும். அதைக் கேட்டுக்கொண்டு விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குப் புரிகிற மாதிரி பக்கங்களை எழுதித் தருவதுதான் மேகலாவின் ஐந்து மாத உழைப்பு. சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று பிரகாஷ் கேட்டபோது அவள் சொன்ன பதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வெளியாள் எதுக்கு சார்? வீட்லயே ஆள் இருக்கு."

அந்தப் பெருமைதான் இந்த வெள்ளிக்கிழமை அவளைத் தேடிக்கொண்டு வந்தது.

பத்தே காலுக்கு வரவேற்பிலிருந்து ஒரு அழைப்பை அவளுக்கு மாற்றிவிட்டார்கள். இணையதளத்தில் ஏதோ சந்தேகமாம். பேசிய பெண் தன் பெயர் ஹீனா என்றாள். ஊர் மத்தூர். அப்பா ஷௌகத் அலி சந்தையில் புளி, மிளகாய் வியாபாரம். அவள் பி.காம். முடித்திருக்கிறாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்பெனியில் பார்வையற்றோருக்கென்று ஒதுக்கிய ஒரு வேலைக்கு நான்கு நாள் முயன்றும் விண்ணப்பிக்க முடியவில்லை. கடைசித் தேதி போன சனிக்கிழமையோடு முடிந்ததும் அவளுக்குத் தெரியும். தேதியை நீட்டித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை.

"நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அடுத்த தடவைக்கு ஆகும்."

எந்த இடத்தில் நின்றுபோனது என்று மேகலா விசாரித்தாள். கடைசிக் கட்டத்தில்தான். இயந்திரங்கள் உள்ளே புகுந்து போலி விண்ணப்பம் போட்டுவிடாமல் இருக்க, கோணல்மாணலாக ஐந்து எழுத்துகளைப் படமாகக் காட்டி, அதைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லும் கட்டம் அது. பார்க்க முடியாதவர்களுக்காகப் பக்கத்தில் 'கேட்க' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த எழுத்துகளை வாயால் சொல்லும். ஹீனா அழுத்தினாளாம், ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஸ்பீக்கரைப் பாருங்கள், வேறு பிரவுசரில் போய்ப் பாருங்கள் என்று மேகலா வழக்கமான பாட்டைப் பாடினாள். எங்கள் சைட்டைப் பார்வையில்லாத ஒருவரை வைத்தே சோதித்திருக்கிறோம் என்றும் சொன்னாள்.

"தெரியும் மேடம். முனிவேல் அண்ணன்தான. கிருஷ்ணகிரி பார்வையற்றோர் சென்டர்ல எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்ததே அவருதான். அவரத்தான் மொதல்ல கேட்டேன். சைட்டு நல்லாத்தான் பேசுது, உனக்குத்தான் இன்னும் பழக்கம் பத்தலன்னாரு. அதான் எங்க விட்டேன்னு தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன்."

மேகலா அவள் நம்பரை வாங்கிக்கொண்டு, சாயந்திரம் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். முனிவேலின் அக்கா நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை.

 பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மானிட்டரை அணைத்தாள்.

ஐந்து மாதமாக இழைத்து இழைத்துச் செய்த பக்கங்கள். ஒரு தடவைகூட அவள் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்ததில்லை. அதற்குத்தான் தம்பி இருக்கிறானே. இப்போது கறுப்புத் திரையின் முன்னால் குரலைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவிப் போனாள். பெயர், பிறந்த தேதி, படிப்பு, மாற்றுத்திறனாளி அட்டை எண். எல்லாம் தெளிவாகத்தான் பேசியது. அந்த நிலையிலும் அவளுக்குத் தன் வேலையை நினைத்துக் கொஞ்சம் கர்வம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையுள்ளவர்கள் ஐந்து நிமிஷத்தில் முடிக்கும் படிவம் அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கடைசியில் அந்தப் பொத்தானுக்கு வந்தாள். அழுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினாள். ஒலியைக் கூட்டிவிட்டு அழுத்தினாள். பக்கத்து மேஜைக்காரர் டீ குடிக்கலையா என்று கன்னடத்தில் கேட்டது மட்டும் ஹெட்போனைத் தாண்டி வந்து காதில் விழுந்தது.

மானிட்டரைப் போட்டுப் பார்த்தாள். நீல நிறத்தில், ஓரத்தில் குட்டி ஸ்பீக்கர் படத்தோடு, அவளே ஆசையாகப் போட்ட பொத்தான் அழகாக உட்கார்ந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கட்டத்தை மாற்றி அமைத்தபோது ஒலிக்கான இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. சரிபார்க்கும் மென்பொருள், பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல சான்று கொடுத்துவிட்டது. பேசுகிறதா என்று பார்க்க வேண்டியவன் முனிவேல். தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அவள் கேட்பாள், எல்லாம் பேசுதாடா? பேசுது அக்கா என்பான். அதை நம்பித்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

பார்வையற்றோருக்கான அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அது முனிவேலுடையது.

யாரும் வராததால் அவன் அதிர்ஷ்டசாலி என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இவளும்தான். ஹீனாவைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, தங்களுக்குத்தான் பழக்கம் பத்தவில்லை என்று எழுந்து போனார்களோ. அப்படியானால் முனிவேல் மட்டும் எப்படித் தாண்டினான்? 

சொல்லிவிடுவது என்றுதான் பிரகாஷின் அறைக்குப் போனாள். அவர் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். புதன்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். இணையதளத்தின் முதல் பக்கத்தில் முனிவேலின் போட்டோவைப் போட வேண்டும். எங்கள் தளத்தைச் சோதித்தவரே இன்று எங்கள் ஊழியர் என்று கீழே ஒரு வரி. அவர் பேசிக்கொண்டே போனார். அவள் கையெழுத்திட்ட அறிக்கை மேஜையில் பளபளப்பான உறைக்குள் இருந்தது.

"ஒரே கேண்டிடேட். மண்டே இன்டர்வியூ சும்மா ஃபார்மாலிட்டிதான் மேகலா. உங்கள பர்மனன்ட் ஆக்கற ஃபைலும் அதோடயே போயிரும்."

தேங்க்ஸ் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. 

மூன்று மணிக்குள் அவள் விட்டுப்போன இணைப்பைச் சரிசெய்துவிட்டாள். அவ்வளவு சின்ன வேலை அது. இனி யார் வந்து அழுத்தினாலும் பேசும். சரிசெய்து முடித்த பிறகுதான் அதில் இருந்த இன்னொரு விஷயம் அவளுக்கு உறைத்தது. நடந்த தப்புக்கு இப்போது அடையாளமே கிடையாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தம்பிக்கு வேலை, இவளுக்கு நிரந்தரம். வாயைத் திறந்தால் இரண்டும் போகும். மத்தூர்ப் பெண் பாவம், அவள் சண்டை போடுகிற ரகமே இல்லை. இதையெல்லாம் நினைத்தது வேறு யாரோ என்று சொல்லத்தான் மேகலாவுக்கு ஆசை.

சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓசூருக்கே உரிய நசநசத் தூறல். வீட்டில் சென்னம்மா திங்கட்கிழமைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முனிவேல் கட்டிலில் உட்கார்ந்து, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் காலடிச் சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. இருபத்தேழு வயசுக்காரனின் அந்த முகம் மலர்ந்து மேகலா பார்த்து எவ்வளவு நாளாகிறது.

பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"ஹீனா போன் பண்ணுனா."

முனிவேலின் உதடு நின்றது. எந்த ஹீனா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மேகலா கொஞ்சம் தப்பித்திருப்பாள்.

அந்தப் பொத்தான் பேசவில்லை என்பது உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். மாத்துன அன்னையிலருந்தே தெரியும் என்றான். அப்புறம் எப்படி விண்ணப்பித்தாய் என்று கேட்டபோது அவன் தலை தானாக அம்மா இருந்த பக்கம் திரும்பியது. சென்னம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷில் பேச வராதே தவிர எழுத்து தெரியும். முனிவேல் லேப்டாப்பை அவள் முன்னால் திருப்பி, படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.

"அஞ்சே அஞ்சு எழுத்து. கண்ணில்லாத புள்ளைக்கு அதப் படிச்சுச் சொன்னது ஒரு குத்தமா?"

 மேகலா தம்பியைப் பார்த்துக் கேட்டாள், ஏன்டா என்கிட்ட சொல்லல?

முனிவேல் சொல்லத் தொடங்கினான். ஆரம்பத்தில் அவன் ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஒரு குறை சொன்னால் அக்கா மறுநாள் வீடு வருவதற்கு ஒன்பது மணியாகும். ஒரு நாள் அவள் சமையல்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். கண் போனவனுக்குக் காதாவது ஒழுங்காக இருக்காதா? அதற்கு அப்புறம் அவன் குறை சொல்வதை நிறுத்திவிட்டான். எல்லாம் பேசுது என்று சொல்லிப் பழகிவிட்டான்.

"அது வரைக்கும் உனக்காகத்தான் அக்கா. வேலை விளம்பரம் வந்தப்பறம் எனக்காக."

"ஹீனாகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"அவளுக்கு டிகிரி இருக்கு. அவ வந்தா எனக்குக் கெடைக்காது."

இவ்வளவு பச்சையாகச் சொல்வான் என்று மேகலா எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அவன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துக்கம்தான் வந்தது. கிருஷ்ணகிரி சென்டருக்குப் போய்வந்த நாள் போக, மூன்று வருஷமாக இந்தக் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷிப்டுக்குப் போகும் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் அவன். அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியவள் தானா என்று இருந்தது அவளுக்கு.

ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தாள். பிரகாஷுக்குக் கடிதம் எழுதினாள். கேட்கும் பொத்தான் மூன்று மாதம் வேலை செய்யவில்லை, இன்றுதான் சரிசெய்தேன், சரியாகச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மறுபடி விண்ணப்பம் வாங்க வேண்டும். தம்பியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என்ன எழுதுகிறாய் என்று முனிவேல் கேட்டான். படித்துக் காட்டினாள்.

திங்கட்கிழமை முடியட்டும், அப்புறம் அனுப்பு என்று கெஞ்சினான். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் போதும், ஹீனாவுக்கு அடுத்த வருஷம் வேறு ஏதாவது வரும் என்றான். சென்னம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். கூடப் பிறந்தவனைவிட மத்தூர்க்காரி உனக்குப் பெரிதாகிவிட்டாளா என்று அந்த பாஷையில் பொரிந்து தள்ளினாள். பாதிப் பேச்சில் அழுகை வந்து நிறுத்திவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

மேகலா கடிதத்தை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. சாயந்திரம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்த நம்பரைப் போட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அக்கா வேணாம் என்று முனிவேல் கையை நீட்டிக் காற்றில் துழாவினான். அதற்குள் ஹீனா எடுத்துவிட்டாள்.

மேகலா சுருக்கமாகச் சொன்னாள். தப்பு உங்களுடையது இல்லை. எங்கள் பொத்தான்தான் பேசவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

 அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா, போனில் யார் என்று விசாரிப்பது தூரத்தில் கேட்டது.

"அப்ப எனக்குத் தெரியாததால இல்லீங்களா மேடம்? நாலு நாளும் அழுதுட்டு, இனிமே கம்ப்யூட்டரே தொட மாட்டேன்னு எங்க அத்தாகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரி வுடும்மான்னுட்டாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு யோசித்துக் கேட்டாள். "முனிவேல் அண்ணனுக்கு மட்டும் எப்படிங்க பேசுச்சு?"

மேகலா தம்பியைப் பார்த்தாள்.  

முனிவேல் சத்தம் வந்த திசையில் கையை நீட்டினான். மேகலா போனை அவன் உள்ளங்கையில் வைத்தாள். 

"ஹீனா, முனிவேல் பேசறேன். மேகலா மேடம் எங்க அக்காதான்." போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தான். "எனக்கும் பேசல. எங்கம்மா பாத்துச் சொன்னாங்க."

திட்டுவாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஹீனாவின் குரலில் கோபம் துளிகூட இல்லை. ஒன்றும் புரியாதவள் மாதிரிதான் பேசினாள்.

"யாரு உதவியும் இல்லாம நாமளே நிரப்பணும்னு முதல் வரியிலயே போட்டிருந்துச்சேண்ணா. அதான் நான் யாரையும் கேக்கல. எங்க தங்கச்சி பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா."

அந்த முதல் வரியை எழுதியவள் மேகலா. உண்மையிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு வேலை போய்ச் சேர வேண்டும் என்று நினைத்து எழுதியது.

முனிவேல் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.  வைத்துவிடத் தைரியம் இல்லை. அண்ணா, இருக்கீங்களா என்று ஹீனா கேட்டுக்கொண்டிருந்தாள். மேகலா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். 'என் தவறு' என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கத் தொடங்கினாள். முனிவேல் என்ற பெயரை அடித்து முடித்தபோது, சென்னம்மா மடியில் இருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.